வியாழக்கிழமை இருமல்

நாளிதழ் ஒன்றின் கோவைப் பதிப்பில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். முதலில் செய்தியாளர், பிறகு உதவி ஆசிரியர். பதிப்பைச் சுருக்கியபோது என் மேசையும் போயிற்று. எப்போதோ முடித்து வைத்திருந்த பி.எட். அப்போது உதவியது. சிங்காநல்லூரில் ஒரு சிறிய மெட்ரிகுலேஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கச் சேர்ந்தேன். முக்கியமான விஷயத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது பழைய வேலையில் வந்த பழக்கம். ஆகவே சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒரு மாணவி ஒரு கேள்வி கேட்டாள். அதற்கான விடையைத் தானே, யாரும் சொல்லிக் கொடுக்காமல், சரியாகக் கண்டுபிடித்தாள். அந்த விடையால் அவள் அம்மாவுக்கு வேலை போயிற்று.

அது நான் அங்கே சேர்ந்த இரண்டாவது வருடம். பள்ளி திறந்த முதல் வாரத்தில் தாளாளர் எங்கள் எல்லோரையும் காந்திபுரத்தில் ஒரு ஓட்டல் ஹாலுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். கேள்வி வழிக் கற்றல் என்று பேனரில் போட்டிருந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் சென்னைக்காரர், இளைஞர். பாடத்தை நாம் சொல்லக் கூடாது, பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும், அவர்களே தகவல் சேகரிக்க வேண்டும், அவர்களே முடிவுக்கு வர வேண்டும் என்றார். "உங்களுக்குப் பதில் தெரிஞ்சாலும் சொல்லாதீங்க. சொன்னா அந்தக் குழந்தையோட கண்டுபிடிப்பை நீங்க திருடறீங்கன்னு அர்த்தம்" என்று இரண்டு நாளில் நான்கைந்து முறை சொன்னார்.

மதியச் சாப்பாட்டின்போது தமிழாசிரியை தட்டை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பதில் சொல்லாம இருக்கறதுக்கு ட்ரெய்னிங் வேறயாமுங்க. எங்க கணக்கு சார் இத்தன வருசமா அதைத்தானே பண்ணிட்டிருக்கறாரு."

எதிரில் இருந்த கணக்கு ஆசிரியர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "அப்ப என்னையக் கூப்புட்டு ட்ரெய்னிங் குடுக்கச் சொல்லியிருக்கலாமுங்க. ஹால் வாடகையாவது மிச்சம்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளூர அந்த முறை பிடித்துவிட்டது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை, நான் பதினெட்டு வருடம் செய்ததுதான். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. நேரில் போய்ப் பார். பார்த்ததை மட்டும் எழுது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள். மூடப்பட்டுவிட்ட என் தொழிலுக்கு வகுப்பறையில் ஒரு வேலை கிடைத்ததாக நினைத்தேன். கொஞ்சம் கர்வமும் இருந்தது.

தினமும் கண்ணில் படுகிற, ஆனால் காரணம் தெரியாத ஒரு விஷயத்தைக் கேள்வியாக எழுதி வரச் சொன்னேன். முப்பத்தொரு பேரில் பாதிப் பேர் கைடைப் பார்த்து எழுதி வந்தார்கள். மற்றவர்களுடையது நன்றாக இருந்தது. தோசைக்கல்லில் ஏன் வெங்காயத்தைத் தேய்க்கிறார்கள்? டவுன் பஸ்ஸில் கடைசி சீட் மட்டும் ஏன் அப்படித் தூக்கிப் போடுகிறது? சிறுவாணித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஏன் ஒரே ருசி இல்லை? இரண்டாவது பெஞ்சில் ஓரமாக உட்காரும் ஒரு பெண், கோடு போட்ட தாளில் ஒரே வரி எழுதியிருந்தாள்.

"என்ற அம்மாவுக்கு வியாழக்கிழமை மட்டும் ஏன் இருமல் எச்சா வருது?"

எங்கள் பக்கம் பேசுகிற மாதிரியே, 'என்' என்பதை 'என்ற' என்றும் 'அதிகமாக' என்பதை 'எச்சா' என்றும் எழுதியிருந்தாள். வகுப்பில் சத்தமாகப் படித்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "வியாழக்கிழமை உங்கம்மா கோயிலுக்குப் போய் ஊதுபத்திப் பொகைய இழுத்துட்டு வாராங்களாக்கும்" என்றாள். சிரிப்பு எழுந்தது. அவள் திரும்பிப் பார்த்து, "எங்கம்மா வெள்ளிக்கெழமதான் கோயிலுக்குப் போவாங்க. தெரிஞ்சா பேசு" என்றாள். கோபமில்லாமல், தகவலைத் திருத்துகிற குரலில் சொன்னாள். அப்போதே அவளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அப்பா அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மா பக்கத்தில் இருந்த ஒரு நூற்பாலையில் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தார். பஞ்சைச் சீவி மெல்லிய படலமாக்கும் இயந்திரங்கள் அங்கேதான் இருக்கும். மில்லிலேயே தூசி அதிகம் பறக்கிற இடங்களில் அது ஒன்று. காலை ஷிப்ட் முடித்து மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர்கள் குடியிருந்தது ஒரு லைன் வீட்டின் மாடி. தண்ணீர்க் குழாய் கீழே. சாயங்காலம் அம்மா குடத்தோடு பதினான்கு படி ஏறி வர வேண்டும்.

எதை வைத்து எச்சு என்கிறாய் என்று அவளிடம் கேட்டேன். எண்ணினாயா?

"எண்ணலீங்க மிஸ். கேட்டா தெரியுமுங்க."

"உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

யோசித்தாள். மறுநாள் ஒரு திட்டத்தோடு வந்தாள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை வீட்டுப்பாடம் எழுதும்போது அம்மா எத்தனை முறை இருமுகிறார் என்று கோடு கோடாகப் போடுவாள். குடத்தோடு ஏறும்போது எத்தனையாவது படியில் நிற்கிறார் என்பதையும் குறிப்பாள். இரண்டாவதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். தேதியும் கிழமையும் தாளிலேயே அச்சாகியிருப்பதால் தனியாக எழுத வேண்டியதில்லை என்றாள். பல வருடம் என்னோடு வேலை பார்த்த செய்தியாளர்களில் சிலருக்கு இவ்வளவு ஒழுங்கு வரவில்லை.

மூன்று வாரத் தாள்களை ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தாள். மூன்று வியாழக்கிழமையிலும் கோடுகள் மற்ற நாள்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தன. வியாழக்கிழமைகளில் அம்மா ஆறாவது படியிலேயே நின்றார். புதன்கிழமைகளில் எங்கேயும் நிற்கவில்லை. புதன்கிழமை அவருக்கு வார விடுமுறை.

வகுப்பே அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. காரணங்களை ஆளாளுக்குச் சொல்லக் கரும்பலகையில் எழுதினேன். புதன்கிழமை முழுக்கத் துணி துவைப்பதால் சளி பிடிக்கிறது. லீவு நாளில் மட்டும் தயிர் சாப்பிடுகிறார். லீவு நாளில் மதியம் தூங்குவதால் உடம்பு சூடாகிறது. அவள் ஒவ்வொன்றாக அம்மாவிடம் சொல்லிச் சோதித்தாள். ஒரு புதன்கிழமை துணி துவைக்க விடவில்லை. அடுத்த புதன்கிழமை தயிரை நிறுத்தினாள். அந்த நாள்களில் ஒரு நாள் பள்ளி வாசலில் அவள் அம்மாவை முதல் முறை பார்த்தேன். ஒல்லியான பெண். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். காதோரத்து முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க மிஸ், நீங்கதானுங்களா அந்த சயின்ஸ் மிஸ்? என்ற பொண்ணு என்னையப் படுத்தற பாடு கொஞ்சநஞ்சமில்லீங்க. தயிர நிறுத்திப்போட்டா. மத்தியானம் கண்ண மூடுனா வந்து எழுப்பறா. இனி மூச்சு உடறதுக்கும் அவகிட்டக் கேக்கோணுமாட்ட இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எழுதிக்காத கண்ணு, இன்னும் மணி ஆறாகுல" என்றார் மகளிடம்.

அதற்குள் எனக்கு விடை தெரிந்துவிட்டிருந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அவள் மூன்று வாரத் தாள்களைக் காட்டிய அன்றே, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து செல்போனில் தேடினேன். பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய் ஒன்று உண்டு. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில் அது நெஞ்சை இறுக்கும். ஆரம்பத்தில் கவனித்துத் தூசியிலிருந்து விலகினால் சரியாகிவிடலாம், வருடக்கணக்கில் விட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும் என்று படித்தேன். அதன் பெயரையும் ஒரு தாளில் எழுதி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. சொல்லவில்லை. அவள் நெருங்கிவிட்டாள், இன்னும் கொஞ்சம் விட்டால் அவளே தொட்டுவிடுவாள் என்று இருந்தேன். பயிற்சியில் சொன்னதும் மனதில் இருந்தது. ஆனால் பழியை அந்தச் சென்னை இளைஞர் மேல் போட முடியாது. ஒரு நல்ல செய்தி முழுதாகி வரும்வரை பொறுத்திருக்கிற பழக்கம் என்னுடையது.

அவள் தொட்டாள். அடுத்த மாதம் மில்லில் அவள் அம்மாவின் வார விடுமுறையைப் புதனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். முதல் வாரம் வியாழக்கிழமைத் தாளில் கோடுகள் குறைந்திருந்தன. திங்கட்கிழமைத் தாள் நிறைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பிரேயருக்கு முன்பே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், கெழமையில ஒண்ணுமில்லீங்க. லீவு முடிஞ்ச மக்யா நாள்தானுங்க."

மூச்சிரைத்தது. ஓடி வந்திருக்கிறாள். "லீவுல என்ன இல்லீன்னு யோசிச்சேனுங்க. பஞ்சு இல்லீங்க மிஸ். அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

அவள் முகத்தை நான் மறக்கவில்லை. பத்திரிகையில் எனக்கு முதல் பக்கத்தில் பெயரோடு செய்தி வந்த நாளில் கண்ணாடியில் பார்த்த முகம் கிட்டத்தட்ட அப்படி இருந்தது. அம்மா நோயாளி என்பது அந்த நிமிடத்தில் அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தப் பருவத்தின் முடிவில் கேள்விக் கண்காட்சி என்று ஒரு சனிக்கிழமை வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கேள்வியையும் விடையையும் சார்ட்டில் எழுதித் தாழ்வாரச் சுவரில் ஒட்ட வேண்டும். அவள் முதலில் எழுதி வந்த வரைவில், "ஒரு அம்மா மில்லில் வேலை செய்கிறார்" என்று தொடங்கியிருந்தாள். நான் சிவப்பு மையால் 'ஒரு அம்மா' என்பதை அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: யார்? பெயர், வயது, எந்த மில், எந்தப் பிரிவு? இவை இல்லாத செய்தியை யாரும் நம்ப மாட்டார்கள்.

அவள் திருத்தி எழுதினாள். அம்மாவின் பெயர், வயது, மில்லின் பெயர், கார்டிங் பிரிவு, பதினோரு வருடம்.

பத்திரிகையில் இருந்தபோது, 'பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி ஒருவர்' என்று எத்தனை செய்தியில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. போலீஸ்காரர், தாசில்தார், மாநகராட்சிப் பொறியாளர் என்று எல்லோருக்கும் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறேன். வேலை போய்விடக் கூடாதே என்று அவர்கள் கேட்காமலேயே பெயரை விட்டதும் உண்டு. ஒரு மில் தொழிலாளியின் பெயரை அவருடைய மகளின் கையாலேயே எழுத வைத்தபோது அது ஞாபகம் வரவில்லை. அது பள்ளிக்கூடச் சார்ட். யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

சிறப்பு விருந்தினராக வந்தவர் அந்த மில்லின் பணியாளர் அதிகாரி. அந்த வருடம் எங்கள் வகுப்பறைகளுக்கு வெள்ளையடித்துக் கொடுத்தது மில் நிர்வாகம். அந்த நன்றிக்காகத் தாளாளர் அவரை அழைத்திருந்தார். இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் வருவதையும் அந்தச் சார்ட்டையும் சேர்த்து நான் யோசிக்கவில்லை.

ஐம்பது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவசரப்படாமல் ஒவ்வொரு சார்ட்டின் முன்னாலும் நின்று படித்தார். தோசைக்கல் சார்ட்டைப் பார்த்து, "இதை என்ற சம்சாரத்துகிட்டச் சொல்லோணும்" என்று சிரித்தார். அவள் சார்ட்டுக்கு வந்ததும் மேலே தொடங்கிக் கடைசி வரி வரை படித்தார். கடைசி வரிகளை அவள் இப்படி எழுதியிருந்தாள்: ஒரு நாள் பஞ்சுத் தூசி இல்லாமல் இருந்துவிட்டு மறுநாள் போகும்போது நெஞ்சு அதைத் தாங்குவதில்லை என்று நினைக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரியாது. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

"நீங்க எழுதுனதுங்களா கண்ணு?"

"ஆமாங்க சார்."

"யாரும் சொல்லிக் குடுக்கலியா?"

"இல்லீங்க சார். நானே எண்ணுனேனுங்க."

"படியில நின்னதையும்?"

"ஆமாங்க. கீழ நின்னு பாப்பேனுங்க. அம்மாவுக்குத் தெரியாது."

"நெம்ப நல்லாப் பண்ணியிருக்கறீங்க. நல்லாப் படிங்க" என்றார். அதில் பொய் இல்லை. அவர் உண்மையிலேயே வியந்திருந்தார். செல்போனை எடுத்துச் சார்ட்டைப் படம் பிடித்துக்கொண்டார். தாளாளர் என்னைப் பார்த்தார். பாராட்டு என்று நினைத்து நான் புன்னகை செய்தேன்.

அவள் அம்மா ஷிப்ட் முடிந்து நேராக அங்கே வந்திருந்தார். தாழ்வாரத்தின் கடைசித் தூணுக்கருகில் நின்றார். அதிகாரியைப் பார்த்ததும் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். அவர் மாடிக்குப் போகும்வரை, பத்து நிமிடம் இருக்கும், அந்தப் பெண் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு எழும்பி, கண்ணில் நீர் கட்டியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்தில் வந்து, "எழுத்து கோணாம எழுதியிருக்கறாளுங்களா மிஸ்? எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியறதில்ல" என்றார்.

தன் பெயர் அதில் இருப்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்து அவள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தாள். மறுநாளும் எழுதவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன். டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டே, "அம்மாவை நிறுத்திப்போட்டாங்க மிஸ்" என்றாள். அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அம்மா எனக்கு நாற்காலி போட்டு, மகளைக் கடைக்கு அனுப்பி, பால் வாங்கிவரச் செய்து காப்பி கொடுத்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னார். மில் டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். அம்மா மூன்று தடவை ஊதினார். அடுத்த நாள் அதிகாரி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"திட்டுனாங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. உள்ள கூப்புட்டு சேர் போட்டு உக்காரச் சொன்னாங்க. பதினோரு வருசத்துல அன்னைக்குத்தானுங்க அந்த ஆபீஸ்ல சேர்ல உக்காந்தேன். 'உங்க பாப்பா நெம்பக் கெட்டிக்காரிங்க அம்மணி. உங்களுக்கு முடியலீங்கறதை நாங்க கவனிக்கல, அது கவனிச்சிருக்குது. இனியும் உங்கள அங்க வெச்சுட்டிருந்தா பாவமுங்க. ஊட்டுல இருந்து உடம்பப் பாத்துக்கங்க'ன்னு சொன்னாங்க. டீயும் குடுத்தாங்க."

"வேற பிரிவுல போடச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க. எடம் இல்லியாமா. நான் காண்ட்ராக்டுதானுங்களே. உடம்பு சரியானா வரச் சொன்னாங்க. சரியாச்சுன்னு யாரு சொல்றது?"

மகள் வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா குரலைத் தாழ்த்தி, "அவளத் திட்டுல மிஸ். ஒரு வார்த்தை சொல்லுல. அவதான் அன்னைலருந்து சரியாச் சாப்புடறதில்ல. நீங்க சொன்னா கேப்பா" என்றார். உன் மேல் தப்பில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் எண்ணிப் பார்த்துப் பழகியவள். தப்பு யார் மேல் என்று நான் சொல்லாததையும் கவனித்திருப்பாள்.

மறுநாள் மதியம் பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். கேட்டில் காத்திருக்க வைக்கவில்லை. அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க மிஸ். டீ சாப்புடறீங்களா, காப்பிங்களா?"

எதுவும் வேண்டாம் என்றேன். நேராக விஷயத்துக்கு வந்தேன். அந்த நோய் மில் வேலையால் வந்தது, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவது எப்படி நியாயம் என்றேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிங்க. நான் இல்லீன்னு சொல்லலை. நீங்க பேப்பர்ல இருந்தவங்களாமே, அப்ப உங்களுக்கே தெரியுமுங்க. வாய்ப் பேச்சா வந்திருந்தா நான் காதுல வாங்காத மாதிரி இருந்திருப்பேன். அந்தம்மாவை தூசி கம்மியான வைண்டிங் பக்கம் மாத்திக்கூட உட்டிருப்பேன். இது எழுத்துல வந்துபோச்சு. பேரு இருக்குது, மில்லு பேரு இருக்குது, நாள் வாரியா இருக்குது. பாத்துட்டேன், போட்டோவும் எடுத்துப்போட்டேன், மேல காட்டாம இருக்க முடியலீங்க. நாளைக்கு அந்தம்மாவுக்கு உள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா, தெரிஞ்சே வெச்சிருந்தீங்களான்னு என்னையத்தானுங்க கேப்பாங்க."

"அதனால வெளியே அனுப்பிட்டீங்க."

"உங்களுக்குக் கோவம் வருது. நாயந்தானுங்க." மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மறுபடி மூடினார். "அந்தப் புள்ள பேரு எழுதாம இருந்திருக்கலாம். யாராச்சும் சொல்லிக் குடுத்திருக்கலாம்."

பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தேன். செய்தி எழுதலாம் என்று தோன்றியது. பழைய சகாக்கள் இருவர் இன்னும் வேறு பத்திரிகைகளில் இருந்தார்கள். போன் செய்தால் உடனே வருவார்கள். அன்று மாலை அவள் அம்மாவிடம் கேட்டேன். அவர் பதறிப்போனார்.

"வேண்டாமுங்க மிஸ். உங்களக் கும்புட்டுக் கேக்கறேன். பேப்பர்ல வந்துபோச்சுன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த மில்லுலயுங்க என்னைய எடுப்பாங்க? பேரு போடாட்டியும் கண்டுபுடிச்சுருவாங்க." பிறகு, "ஒண்ணு செய்யறீங்களா? அந்த அட்டைய ஸ்கூல் செவுத்துலருந்து எடுத்துப்போடுங்க. யாராச்சும் பாத்துட்டே இருப்பாங்க" என்றார்.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்பே போய் எடுத்தேன். பசை காய்ந்து இறுகியிருந்ததால் நான்கு மூலையிலும் சுவரின் வெள்ளை பெயர்ந்து வந்தது. மற்ற முப்பது சார்ட்டும் அங்கேயே இருந்தன. ஏன் ஒன்றை மட்டும் எடுத்தீர்கள் என்று தாளாளர் கேட்கவில்லை. சில நாள் கழித்து அலுவலக அறையில், அடுத்த வருடக் கண்காட்சியில் வீட்டு விஷயங்கள் வேண்டாம், செடி, பூச்சி, மின்சாரம் என்று பொதுவாக இருக்கட்டும் என்று சொன்னார். நான் சரி என்றேன்.

அவள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். சொன்னதை எழுதினாள். பரீட்சையில் மதிப்பெண் குறையவில்லை. ஆனால் அதன் பிறகு என் வகுப்பில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு முறை நுரையீரல் பாடம் நடத்தினேன். புத்தகத்தில் இருந்த படத்தைப் பென்சிலால் அப்படியே வரைந்தாள். வேறு பிள்ளைகள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிமிரவில்லை.

அம்மா மூன்று மாதம் வீட்டில் இருந்தார். அந்த மூன்று மாதத்தில் அவருக்கு இருமல் பெருமளவு குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் இரண்டு முறை பார்த்தேன். பேசும்போது மூச்சு வாங்கவில்லை, முகம் தெளிந்திருந்தது. வேலை இல்லாததால் கிடைத்த சுகம் அது. பாத்திரம் தேய்க்க இரண்டு வீடுகளுக்குப் போனார். அது போதவில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் வந்தாள். அலுவலகத்தில் கையெழுத்துக்காகக் காத்திருந்தவளை ஆசிரியர் அறைக்குக் கூட்டி வந்தேன். சூலூரைத் தாண்டி ஒரு மில்லில் அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டதாகவும், மில் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டதாகவும், அங்கே அரசுப் பள்ளியில் சேரப்போவதாகவும் சொன்னாள்.

"எந்தப் பிரிவு?"

"கார்டிங்தானுங்க. அதுதானே அம்மாவுக்குத் தெரியும்."

"டாக்டர் பார்த்தாரா?"

"அங்க டாக்டர் இல்லீங்க மிஸ். மேஸ்திரிதான் ஆள் எடுக்கறாரு. நானும் அம்மாகூடப் போனேன். அம்மா உள்ள போயிருந்தப்ப அவரு எங்கிட்டக் கேட்டாரு, 'ஏம் பாப்பா, அம்மாவுக்கு இருமல் கிருமல் ஏதாச்சும் இருக்குதா'ன்னு. பெரியவங்க மறைப்பாங்க, கொழந்தைங்க மறைக்காதுன்னு சொல்லிட்டுக் கேட்டாருங்க."

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"இல்லீங்கன்னு சொன்னேன். மழைக்காலத்துலயுமான்னாரு. எப்பவுமே இல்லீங்க, எங்கம்மா குடத்தத் தூக்கிட்டு மாடி ஏறுவாங்க, எங்கயும் நிக்க மாட்டாங்கன்னு சொன்னேனுங்க."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் என்னை நேராகப் பார்த்தாள். அவளுக்கு என்னிடமிருந்து ஏதோ வேண்டியிருந்தது. அந்த வேலை அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். அந்தப் பிரிவில் இன்னும் சில வருடம் இருந்தால் அந்தப் பெண்ணின் நெஞ்சு என்னவாகும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சார்ட்டில் எழுதியவளே அவள்தான்.

"சரியாத்தான் சொல்லியிருக்கற கண்ணு" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்றாள். பியூன் வந்து சான்றிதழைக் கொடுத்தார். அவள் அதை ஒரு முறை படித்துப் பார்த்தாள். பெயர், பிறந்த தேதி, வகுப்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு, அம்மா கேட்டில் நிற்பதாகச் சொல்லிப் போய்விட்டாள்.